கிழக்கேகோட்டை அக்ரகாரத் தெருக்கள்: பழைய வீட்டைத் திருத்திக் கட்ட என்ன விதி, யாருடைய அனுமதி?

திருவனந்தபுரம்: பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்துள்ள கோட்டைப் பகுதியில் பழைய வீடு ஒன்றை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட விரும்பும் உரிமையாளருக்கு, மாநகராட்சி வழங்கும் வழக்கமான கட்டட அனுமதி மட்டும் போதுமானதாக இருப்பதில்லை. அப்பகுதி பாரம்பரிய மண்டலம் என்பதால், கேரள அரசின் கலை மற்றும் பாரம்பரிய ஆணையமும் அந்த வரைபடத்தைப் பார்த்துக் கருத்துக் கூற வேண்டும். வீடு கோட்டை மதிலை ஒட்டியிருந்தால் மாநிலத் தொல்லியல் துறையும் குறுக்கே வரும்.

கோயில், அரண்மனை, மதில் ஆகியவற்றைக் காக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் கோட்டைக்குள் இருப்பவற்றில் பெரும்பகுதி அரண்மனைகள் அல்ல. மக்கள் குடியிருக்கும் சாதாரண வீடுகள். தெருவின் இரு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் அக்ரகார வீடுகளே கோயிலைச் சுற்றியுள்ள இடத்துக்கு அதன் தோற்றத்தை அளிக்கின்றன. தனியொரு நினைவுச்சின்னத்தைக் காக்கும் சட்டம் நம் நாட்டில் வலுவாக உள்ளது. தனி மனையில் தனி வீடு கட்டுவதற்கான விதியும் தெளிவாக உள்ளது. வரிசையாக நிற்கும் ஒரு தெருவைக் காப்பது இந்த இரண்டுக்கும் இடையே சிக்கிக்கொள்கிறது.

கோட்டையும் தெருக்களும்

இன்று கிழக்கேகோட்டை என்றதும் பேருந்து நிலையமும் நெரிசலுமே பலருக்கு நினைவுக்கு வரும். பெயருக்குக் காரணமான கிழக்கு வாயில் இன்னும் அங்கேயே நிற்கிறது. 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட அனிழம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, 1750 ஜனவரியில் தமது நாட்டையே பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்து, இறைவனின் தாசனாக இருந்து ஆட்சி செய்வதாக அறிவித்தார். அவரது காலத்தில் தலைநகரம் பத்மநாபபுரம். அவருக்குப் பின் வந்த கார்த்திகைத் திருநாள் ராம வர்மாவின் ஆட்சியில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்திற்கு மாறியது. கோட்டைக்கு வெளியே கிழக்கே, திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சாலைக் கடைவீதி இன்றும் தமிழ் வணிகர்களால் நிறைந்திருக்கிறது.

கோயிலுக்கும் அரண்மனைக்கும் வேண்டிய பணிகளுக்காகத் தமிழ்நாட்டுப் பகுதிகளிலிருந்து வந்த குடும்பங்கள் கோயிலைச் சுற்றிக் குடியமர்ந்தன. வடக்கே நடை, படிஞ்ஞாறே நடை, தெக்கே தெரு, புத்தன் தெரு என்னும் பெயர்களில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கின்றன. ஏழு நிலைக் கிழக்குக் கோபுரமும் பாண்டிய நாட்டுப் பாணியைச் சேர்ந்தது. சாய்வான ஓட்டுக் கூரைகளும் மரவேலைப்பாடுகளும் மிகுந்த கேரளக் கோயில் மரபின் நடுவே இக்கோபுரம் தனித்து நிற்பதைக் காணலாம். பத்மதீர்த்தக் குளம், அதன் எதிரே உள்ள மேத்தன் மணி என்னும் பொம்மைக் கடிகாரம், சுவாதித் திருநாள் கட்டிய குதிரை மாளிகை, நவராத்திரி மண்டபம் ஆகிய அனைத்தும் சில நிமிட நடைத் தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. அதாவது, மாநகரின் நடுவில் இருந்தாலும் இது ஒரு சிறிய கோயில் கிராமத்தின் அளவுதான்.

எந்தச் சட்டம் எதைக் காக்கிறது?

இப்பகுதி குறித்துப் பேசும்போது மூன்று வேறு ஏற்பாடுகள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

முதலாவது, மத்திய அரசின் சட்டம். 1958ஆம் ஆண்டின் பண்டைய நினைவுச்சின்னங்கள் மற்றும் தொல்லியல் தலங்கள், எச்சங்கள் சட்டம், 2010இல் திருத்தப்பட்ட பிறகு, தேசிய முக்கியத்துவம் பெற்ற சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்தைத் தடை செய்கிறது; அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன் அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்கிறது. இதைக் கவனிப்பது தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையம். பழைய கோயில் என்றாலே இந்த 100 மீட்டர், 200 மீட்டர் விதி பொருந்தும் என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. திருவனந்தபுரம் மாவட்டத்தில் திருவல்லம் பரசுராமர் கோயில், விழிஞ்ஞம் குடைவரைக் கோயில், அஞ்சுதெங்குக் கோட்டை ஆகியவை மத்திய பட்டியலில் உள்ளன. பத்மநாபசுவாமி கோயில் அப்பட்டியலில் இல்லை. 2011இல் நிலவறைகள் திறக்கப்பட்டு உலகின் கவனம் முழுவதும் அங்கே திரும்பிய பின்னரும் இந்நிலை மாறவில்லை. கோயில் நிர்வாகம் தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2020 ஜூலை 13 அன்று அளித்த தீர்ப்பு, திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உரிமையை ஏற்று, மாவட்ட நீதிபதி தலைமையிலான நிர்வாகக் குழுவுக்கு வழிசெய்தது; சுற்றியுள்ள தெருக்களின் கட்டட விதிகள் அவ்வழக்கின் பொருள் அன்று.

இரண்டாவது, மாநிலச் சட்டம். கேரளப் பண்டைய நினைவுச்சின்னங்கள் மற்றும் தொல்லியல் தலங்கள், எச்சங்கள் சட்டம் 1968இல் இயற்றப்பட்டது. கோட்டை மதிலும் வாயில்களும் இதன்படி மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. மதிலில் ஆணி அடிப்பது, அதன் மீது சாய்த்துக் கடை போடுவது, விளம்பரப் பலகை மாட்டுவது ஆகியவற்றையெல்லாம் துறை தடுக்க முடியும். இதே துறைதான் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையையும் நிர்வகிக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநில எல்லைகள் மாறியபோது நிலம் தமிழ்நாட்டுக்கு வந்தது. அரண்மனையின் பொறுப்பு கேரளத்திடம் தங்கியது.

மூன்றாவதுதான் வீட்டு உரிமையாளர்களைத் தொடுவது. கேரள நகராட்சிக் கட்டட விதிகள் 1999இலும், அவற்றுக்கு மாற்றாக 2019 நவம்பர் முதலும் நடைமுறையில் உள்ளன. வரலாற்று, கட்டடக்கலை முக்கியத்துவம் வாய்ந்த கட்டடங்களையும் பகுதிகளையும் அடையாளம் காணவும், அங்கு நடைபெறும் கட்டுமானங்கள் குறித்து அரசுக்கும் உள்ளாட்சிக்கும் கருத்துக் கூறவும் கலை மற்றும் பாரம்பரிய ஆணையம் அமைக்கப்பட்டுள்ளது. நகரமைப்புத் துறையினருடன் கட்டடக்கலை, வரலாறு, கலை ஆகியவற்றை அறிந்தவர்கள் இதில் இடம்பெறுகின்றனர். மேல்முகப்பு எப்படி இருக்கும், உயரம் எவ்வளவு, கூரை என்ன வடிவம், பக்கத்துக் கட்டடங்களோடு ஒத்துப்போகிறதா என்பவை அதன் கேள்விகள்.

ஒட்டிய சுவரும் ஒதுக்க வேண்டிய இடமும்

அக்ரகார வீட்டின் அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் விதியின் சிக்கல் விளங்காது. தெருவை ஒட்டித் திண்ணை, அதன் பின் ரேழி, அடுத்துக் கூடம், நடுவே வானம் பார்த்த முற்றம், பிறகு அடுக்களை, கிணறு, கொல்லை. முகப்பு சில மீட்டர் அகலமே. நீளமோ அடுத்த தெருவரை சென்று சேரும். இரு பக்கச் சுவர்களில் சன்னல் கிடையாது, ஏனெனில் அவை பக்கத்து வீட்டாருக்கும் உரிய பொதுச்சுவர்கள். வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியே மேலிருந்து வருகின்றன. கூரையின் உத்தரம் பொதுச்சுவரில்தான் ஊன்றி நிற்கிறது. மழைநீர் ஒரு பகுதி தெருப் பக்கமும் ஒரு பகுதி முற்றத்துக்கும் வடியும்.

இவ்வளவும் சேர்ந்துதான் ஒரு வீடு. ஆனால் இதில் பாதி அந்த வீட்டுக்காரருக்கு மட்டும் சொந்தமானதன்று.

இனி, நடப்பிலுள்ள கட்டட விதியைப் பார்ப்போம். புதிதாக வீடு கட்டும் எவரும் முன்புறத்திலும் பின்புறத்திலும் பக்கங்களிலும் குறிப்பிட்ட அளவு இடத்தைத் திறந்த வெளியாக விட வேண்டும் என்பதே எந்த நகரத்துக் கட்டட விதிக்கும் அடிப்படை. செட்பேக் என்று பொறியாளரும் வீட்டுக்காரரும் ஒருங்கே அழைப்பது இதைத்தான். அகராதியில் இச்சொல்லுக்குப் பின்னடைவு என்று பொருள் காண்பவர் சிரிக்கலாம். இந்தத் தெருக்களைப் பொறுத்தவரை அந்தப் பொருளும் தவறன்று. தீயணைப்பு, காற்றோட்டம், சாலை விரிவாக்கம் ஆகிய நியாயமான காரணங்களுக்காகவே அவ்விதி எழுதப்பட்டது. ஆயினும், நூறாண்டுகளாக இடைவெளியின்றி நிற்கும் ஒரு வரிசையின் நடுவே ஒரு வீட்டை இடித்து, விதிப்படி முன்னால் இடம் விட்டு, பக்கங்களில் இடம் விட்டுக் கட்டினால் என்ன நேரும்? திண்ணை வரிசை அறுபடும். வாய் திறந்தால் தெரியும் பல் விழுந்த இடம்போல் அந்த மனை தெரியும். இரு பக்கத்து வீடுகளின் சுவர்களும், இதுவரை மழையே படாதவை, திடீரென வெளியில் நிற்கும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர்களில் ஈரம் ஏறினால் உத்தரத்தின் முனை முதலில் உளுத்துப்போகும். ஆகவே, விதியை மீறாமல் கட்டப்பட்ட ஒரு புதிய வீடே அடுத்த இரு பழைய வீடுகளின் முடிவுக்குத் தொடக்கமாகிவிடலாம்.

125 சதுர மீட்டருக்கு மிகாத சிறு மனைகளுக்குக் கேரள விதிகள் தனிச் சலுகைகள் தருகின்றன. ஒட்டிய வரிசை வீடுகளுக்கும் தனிப் பிரிவு உள்ளது. ஆனால் அவை புதிதாக மனை பிரித்துக் கட்டுவோரை மனத்தில் கொண்டவை. நீளம் மிகுந்து அகலம் குறைந்த அக்ரகார மனைகள் பலவும் அந்த அளவுக்குள் அடங்குவதில்லை.

இன்னொரு முரண்பாடும் உண்டு. வெள்ளையடித்தல், பூச்சு, தரை போடுதல், ஓடு மாற்றுதல், கதவு சன்னல் மாற்றுதல் போன்ற சிறு வேலைகளுக்குப் பொதுவாகக் கட்டட அனுமதி தேவையில்லை. வழக்கமான புறநகர் வீட்டுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு பாரம்பரியத் தெருவின் முகத்தை மாற்றுபவை பெரும்பாலும் இந்தச் சிறு வேலைகளே. திண்ணையை மூடிக் கண்ணாடிக் கதவு வைப்பது, அழிக்கம்பிச் சன்னலை எடுத்துவிட்டு அலுமினியச் சட்டம் பொருத்துவது, ஓட்டுக்குப் பதில் வண்ணத் தகடு வேய்வது, முகப்பில் பளபளக்கும் ஓடுகள் ஒட்டுவது. ஒவ்வொன்றும் அற்பமாகத் தோன்றும். பத்து வீடுகளில் நடந்தால் தெரு காணாமற்போகும்.

உரிமையாளர் தரப்பு நியாயம்

பழைய வீடுகளை இடிப்பவர்கள் எல்லாரும் பண ஆசை பிடித்தவர்கள் என்று எழுதிவிடுவது எளிது. உண்மை நிலை அப்படியன்று. இத்தகைய வீடுகளுக்கு ஒரே உரிமையாளர் இருப்பது அரிது. பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, முதியவர்கள் மட்டும் வசிக்கும் வீட்டில் கூரையை ஆண்டுதோறும் பிரித்து மேய ஆள் இல்லை. தேக்கும் பலாவும் விலை ஏறிவிட்டன. ஓட்டுக் கூரைச் சட்டம் இழைக்கத் தெரிந்த ஆசாரிகள் குறைந்துவிட்டனர். கழிப்பறை வீட்டுக்கு வெளியே கொல்லையில் இருக்கும் அமைப்பை முதியவர்களால் இனி ஏற்க இயலாது. வண்டி நிறுத்த இடமில்லை. கோயிலின் பாதுகாப்புக் கெடுபிடிகள் 2011க்குப் பின் கூடியுள்ளதால் உறவினர் வந்து போவதுகூட எளிதாக இல்லை.

மறுபுறம், நடைகளில் யாத்திரிகர் கூட்டம் பெருகப் பெருகக் கடைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் தேவை ஏறிக்கொண்டே போகிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சுவதேச தர்ஷன் திட்டத்தின்கீழ் பத்மநாபசுவாமி கோயில், ஆறன்முளை, சபரிமலை ஆகியவை ஒரே ஆன்மிகச் சுற்றாக 2016-17இல் சேர்க்கப்பட்டன. 2017இல் திருவனந்தபுரம் பொலிவுறு நகரத் திட்டத்திற்கும் தேர்வானது. பொது இடங்களில் கல் பதிப்பதற்கும் விளக்கு அமைப்பதற்கும் இத்தகைய திட்டங்களில் பணம் உண்டு. திண்ணைக்குப் பின்னால் உள்ள உளுத்த உத்தரத்தை மாற்ற அதில் வழியில்லை. பொதுநலனுக்காக வீட்டுக்காரரின் கையைக் கட்டும் அரசு, அந்தக் கட்டுப்பாட்டின் செலவில் ஒரு பங்கையாவது ஏற்க வேண்டாமா என்ற கேள்விக்கு நியாயமான அடிப்படை இருக்கிறது.

மற்ற ஊர்கள் என்ன செய்தன?

பாரம்பரியக் கிராமமாக அறிவிக்கப்பட்ட பாலக்காட்டின் கல்பாத்தி, தமிழ் அக்ரகாரம் என்ற வகையில் கோட்டைப் பகுதிக்கு மிக நெருங்கிய உதாரணம். நவம்பரில் தேரோட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் கூடும் அத்தெருக்களிலும் இடித்துக் கட்ட ஆணையத்தின் இசைவு வேண்டும். அங்கு குடியிருப்போரும், பாதுகாப்பு வேண்டும், ஆனால் பழுது பார்க்கவே அலைய வைக்கக் கூடாது என்ற இதே குறையைச் சொல்லிவருகின்றனர்.

மதுரையில் அணுகுமுறை வேறு. மீனாட்சி அம்மன் கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்பது விதி. எளிய விதி, ஆனால் உயரத்தை மட்டுமே பார்ப்பது. ஒன்பது மீட்டருக்குள் பழைய வீட்டை இடித்துக் கான்கிரீட் பெட்டி கட்டுவதை அது தடுக்காது. மீறல்கள் பல நீதிமன்றம் வரை சென்றுள்ளன. சென்னையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்க முனைந்தபோது தொடரப்பட்ட வழக்கில் 2010இல் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பே, பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழு அமையக் காரணமாயிற்று.

புதுச்சேரியின் தமிழ்ப் பகுதியில் உள்ள வைசியாள் தெரு கற்பிக்கும் பாடம் இவற்றினும் பயனுள்ளது. திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட அத்தெரு வீடுகளின் முகப்புகளை, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா ஊர்ப்ஸ் திட்ட உதவியுடன் இன்டாக் அமைப்பு 2000களின் தொடக்கத்தில் சீரமைத்தது. செலவு உரிமையாளர் பங்கும் திட்டப் பங்குமாகப் பகிர்ந்துகொள்ளப்பட்டது. ஒரு வீடு அல்ல, ஒரு தெரு முழுவதும் ஒரே அலகாக எடுத்துக்கொள்ளப்பட்டதே அதன் சிறப்பு. 2008இல் அத்தெருவுக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. 2017இல் உலகப் பாரம்பரிய நகரமான அகமதாபாதில் வேறொரு வழி: பழைய நகரின் வீட்டு உரிமையாளர், தம் மனையில் கூடுதலாகக் கட்டக்கூடிய உரிமையை நகரின் வேறு பகுதியில் கட்டுவோருக்கு விற்று, அப்பணத்தில் வீட்டைப் பழுது பார்க்கலாம்.

ஒரு பகுதியையே காப்பது என்னும் எண்ணத்துக்குச் சட்ட வடிவம் முதலில் கிடைத்த நாடுகளுள் பிரிட்டனும் ஒன்று. 1967ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின்படி இங்கிலாந்தின் ஸ்டாம்ஃபோர்டு என்னும் சிற்றூர் முதல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இன்று இங்கிலாந்தில் மட்டும் இத்தகைய பகுதிகள் சுமார் பத்தாயிரம். அவற்றுள் பல சிறிய கிராமங்கள். புதிய கட்டுமானம் அப்பகுதியின் தன்மையையோ தோற்றத்தையோ காக்கிறதா, மேம்படுத்துகிறதா என்பதே அங்கு அளவுகோல். சன்னல் மாற்றுவது போன்ற சிறு வேலைகளுக்கு வழக்கமாக அனுமதி வேண்டாம் என்றாலும், தேவைப்படும் தெருக்களில் மட்டும் அந்தச் சலுகையை உள்ளாட்சி அமைப்பு திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

திருவனந்தபுரத்தில் இதற்கு ஒப்பான ஒரு முன்மாதிரி, கட்டடத்தில் அல்லாமல் வழக்கத்தில் உள்ளது. ஆண்டுக்கு இருமுறை, பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களின் ஆறாட்டு ஊர்வலம் மேற்குக் கோட்டை வாயில் வழியாகச் சங்குமுகம் கடற்கரைக்குச் செல்கிறது. வழியில் விமான நிலையத்தின் ஓடுபாதை குறுக்கிடுகிறது. 1932இல் விமான நிலையம் அமைந்தபோது ஊர்வலப் பாதையின் உரிமை விட்டுக்கொடுக்கப்படவில்லை. இன்றும் அந்நாள்களில் பல மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. ஒரு பன்னாட்டு விமான நிலையமே நேரத்தை ஒதுக்கித் தர முடிகிறபோது, கட்டட விதிப் புத்தகத்தில் திண்ணைக்கு இடம் ஒதுக்குவது அத்தனை கடினமானதாகத் தெரியவில்லை.

விண்ணப்பிக்கும் முன்

கோட்டைப் பகுதியில் வீடு வாங்கவோ திருத்தவோ எண்ணுவோர், வரைபடம் போடுவதற்கு முன்பே மனையின் அளவை எண்ணைக் கொண்டு அது மண்டல எல்லைக்குள் வருகிறதா, மதிலுக்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பதை மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் கேட்டறிவது நல்லது. விண்ணப்பம் மாநகராட்சியிடம் அளிக்கப்பட்டு, அங்கிருந்தே ஆணையத்தின் கருத்துக்குச் செல்லும் என்பதால் கால அவகாசத்தைக் கணக்கில் வைத்தே கடன், வாடகை வீடு ஆகியவற்றைத் திட்டமிட வேண்டும். வீட்டின் முகப்பு, கூரை, முற்றம், பொதுச்சுவர் ஆகியவற்றின் இப்போதைய புகைப்படங்களையும், தெருவின் இரு பக்க வீடுகளும் தெரியும் முகப்பு வரைபடத்தையும் இணைத்தால் கேள்விகள் குறையும். இடைவெளி விதியில் தளர்வு தேவையெனில் அதைக் காரணத்துடன் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்க வேண்டும். முழுவதும் இடிக்காமல் முகப்பையும் முதல் கட்டையும் வைத்துக்கொண்டு, கொல்லைப் பக்கத்தில் குளியலறையும் அறைகளும் சேர்க்கும் வரைபடம், இடித்துக் கட்டும் வரைபடத்தைவிடக் குறைவான எதிர்ப்பையே சந்திக்கும். பொதுச்சுவரைத் தொடும் எந்த வேலைக்கும் பக்கத்து வீட்டாரின் எழுத்துமூலமான சம்மதம் அவசியம். பின்னாளில் வழக்காக மாறுவது பெரும்பாலும் இந்தச் சுவர்தான்.